கொதிகலன் அறையில் ஒரு பானை மா

பீலெஃபெல்ட் நகரில், இரண்டு குடும்பங்கள் வாழ்வதற்கென்று கட்டப்பட்ட பழைய வீடொன்றின் கீழ்த்தளத்தில் நானும் மனைவியும் இருக்கிறோம். மேல்தளத்தை வாடகைக்கு விட்டிருக்கிறோம். வீட்டுக்கடியில் நிலவறை உண்டு. அதன் கடைசி அறையில், பெரிய அலமாரி ஒன்றைக் குள்ளமாக்கி வைத்தாற்போல, தரையில் ஊன்றி நிற்கிறது கொதிகலன். இரண்டு தளங்களுக்குமான வெப்பம் அங்கிருந்தே குழாய் வழியாக மேலேறி, அறைதோறும் சுவரில் பொருத்திய ரேடியேட்டர்களுக்குப் போகிறது. வெப்பத்தை மேலே அனுப்பினாலும், தனக்கென்று கொஞ்சம் வைத்துக்கொள்ளும் குணம் அந்த அறைக்கு உண்டு. குளிர்காலத்தில் வீட்டிலேயே மிக இதமான இடம் அதுதான்.

இந்த உண்மையை வீட்டுக்கு வந்த முதல் மாதமே கண்டுபிடித்தவர் என் மனைவி. குளிர்காலத்தில் தோசை மா புளிக்காது என்பது இந்த நாட்டுத் தமிழ்க் குடும்பங்கள் அனைத்துக்கும் பொதுவான துயரம். சிலர் அடுப்பறை ஓவனின் உள்விளக்கைப் போட்டு அதற்குள் பானையை வைப்பார்கள். சிலர் கம்பளியால் போர்த்தி, நோயாளியைப் போலப் பார்த்துக்கொள்வார்கள். எங்கள் வீட்டு மா கொதிகலன் அறைக்குப் போகும். கொதிகலனுக்குப் பக்கத்தில் இரண்டு செங்கற்களின்மேல் ஒரு பலகை, பலகையின்மேல் பானை, பானையின்மேல் தட்டு. ஜெர்மானிய அயலவர்கள் தங்கள் நிலவறையில் திராட்சை மது வைத்திருக்கிறார்கள் என்றால், நாங்களும் ஒன்றும் குறைந்தவர்கள் அல்லர்.

சென்ற கோடையில் மதுரையைச் சேர்ந்த ஓர் இளம் இணையர் மேல்தளத்துக்குக் குடிவந்தார்கள். கணவர் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் பணிபுரிகிறார். பெரும்பாலும் வீட்டிலிருந்தே வேலை. அந்தப் பெண் அப்போது கருவுற்றிருந்தாள். வந்த அன்றே அவள் என் மனைவியை "ஆன்ட்டி" என்று அழைத்தாள். மனைவி அதை அந்த நொடியே திருத்தினார்.

"ஆன்ட்டி கீன்ட்டி எண்டு சொல்லாதையுங்கோ பிள்ளை. அக்கா எண்டு கூப்பிடுங்கோ."

"சரிங்க அக்கா."

என்னை என்னவென்று அழைப்பது என்பதைப் பற்றி மனைவி ஒன்றும் சொல்லவில்லை. ஆகவே அந்த வீட்டில் அவர் அக்காவாகவும் நான் அங்கிளாகவும் நிலைபெற்றோம். நாங்கள் இருவரும் எப்படி மணம்புரிந்தோம் என்பது அந்த இளைஞருக்கு இன்றுவரை குழப்பமாக இருக்கக்கூடும்.

மசக்கை தணிந்த பின்னும் அந்தப் பெண்ணுக்குத் தோசை ஒன்றே ஒத்துக்கொண்டது. மனைவி அதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து எங்கள் வீட்டில் உழுந்து ஊறாத நாள் குறைவு. காலையில் ஒரு தட்டுத் தோசையும் தேங்காய்ச் சம்பலும் மேலே போகும்; வெறுந்தட்டு கீழே வரும்; அதனோடு ஒரு கிண்ணம் மதுரைக் குழம்பும் வரும். மார்கழியில் மனைவி பழைய பானையைப் பரண்மேல் ஏற்றிவிட்டு, இரண்டு மடங்கு பெரிய எவர்சில்வர் பானையை நிலவறைக்குக் கொண்டு போனார். அந்தப் பானையைத் தூக்கிக்கொண்டு படி இறங்கியவன் நான்தான். அதனால் அதன் எடை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

தை பிறந்த கையோடு கொதிகலன் முரண்டு பிடிக்கத் தொடங்கியது.

ஒருநாள் காலை மனைவி என்னை உலுக்கி எழுப்பினார்.

"இஞ்சருங்கோ, ரேடியேட்டர் எல்லாம் ஐஸ் மாதிரிக் கிடக்குது. கெல்லருக்குப் போய் ஒருக்காப் பாருங்கோ."

நிலவறைக்குப் போய்ப் பார்த்தேன். கொதிகலனின் முகப்பில் சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டிருந்தது. அதற்கு மேலே, கைக்கடிகாரத்தைவிடச் சற்றே பெரிய வட்டமான அழுத்தமானி. அதில் ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடையே பச்சைப் பட்டை தீட்டியிருக்கும். மூன்றில் ஒரு சிவப்புக் கோடு. முள் பச்சையில் நின்றால் வீட்டில் அமைதி நிலவும். அன்று முள் ஏறக்குறையச் சுழியத்தில் படுத்திருந்தது. குழாய்களுக்குள் நீர் போதிய அழுத்தத்தோடு இல்லையென்றால் கொதிகலன் பற்றிக்கொள்ள மறுத்துவிடும் என்பதும், தண்ணீர்க் குழாயிலிருந்து ரப்பர்க் குழாய் பூட்டி நீர் ஏற்றினால் அழுத்தம் உயரும் என்பதும் எனக்குத் தெரியும். வீட்டை விற்றவர் சாவியோடு சேர்த்துக் கற்பித்த பாடம் அது. நீர் ஏற்றினேன். முள் மெல்ல எழுந்து ஒன்றரையில் நின்றது. கொதிகலன் உறுமிப் பற்றிக்கொண்டது. வெற்றிவீரனைப்போல் மேலே வந்து தேநீர் குடித்தேன்.

மறுநாள் காலை முள் மீண்டும் சுழியத்தில் கிடந்தது.

அதற்கடுத்த நாளும் அப்படியே. நீர் எங்கோ ஒழுகுகிறது என்ற முடிவுக்கு வந்தோம். கொதிகலன் பழுதுபார்க்கும் ஒரு சிறு நிறுவனத்தை மனைவி தொலைபேசியில் அழைத்தார். பேசிவிட்டு முகத்தைச் சுளித்துக்கொண்டு வந்தார்.

"வாற கிழமை முடிஞ்சுதான் ஆள் வர தெர்மீனாம். அதுக்கு முதல் ஏலாதாம். எல்லா வீட்டிலையும் இப்ப ஹைட்சுங் பழுதாம், வீடு சூடாகுதில்லையாம்."

"வேறு என்ன சொன்னார்கள்?"

"தண்ணி எங்கை போகுது எண்டு பாருங்கோ எண்டாள். அது தெரிஞ்சால் நான் ஏன் உனக்குக் கோல் எடுக்கிறன் எண்டு கேக்க வாய் வந்தது. கேக்கேல்லை."

சாதாரண குளிர்காலமாக இருந்தால் பொறுத்திருக்கலாம். ஆனால் வருகிற சனிக்கிழமை அந்தப் பெண்ணின் தாயார் மதுரையிலிருந்து பிராங்பேர்ட் விமான நிலையத்தில் வந்து இறங்க இருந்தார். மகளின் பேறுகாலத்துக்காக வருகிறார். இதுவரை கொடைக்கானலுக்கு அப்பால் குளிர் கண்டறியாதவர். கணவர் ஒருநாள் படியில் என்னைச் சந்தித்து, வெகுநேரம் வானிலையைப் பற்றிப் பேசினார். பிறகு தயங்கித் தயங்கி விஷயத்துக்கு வந்தார்.

"அங்கிள், தப்பா நினைக்காதீங்க. என்கூட வேலை பாக்கற ஒருத்தர் அபார்ட்மென்ட் காலி பண்றார். புது பில்டிங். தரையிலேயே ஹீட்டிங். குழந்தை வேற வரப்போகுது, அத்தை வேற வராங்க… வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும்னு சொல்லியிருக்கார்."

"நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?"

"எனக்குப் போக இஷ்டம் இல்லை அங்கிள். ஆனா தினமும் காலைல இவ ரெண்டு ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு கெட்டில் பக்கத்துல உக்காந்திருக்கா. பாக்கவே கஷ்டமா இருக்கு."

அதில் தவறு காண எனக்கு ஒன்றும் இருக்கவில்லை. கீழே வந்து மனைவியிடம் சொன்னேன். பிள்ளைப்பேற்றுக்குப் பிந்திய சாப்பாட்டுக்கென்று டோர்ட்மண்டிலுள்ள தமிழ்க் கடையில் அவர் வாங்கிவந்த சரக்குகள், பொதி பிரிக்காமல் அலமாரியில் இருந்தன. மிளகு, வேர்க்கொம்பு என்னும் சுக்கு, உள்ளி என்னும் பூண்டு எல்லாம் எந்த அளவில் என்பதை அவர் கார்த்திகை மாதமே தீர்மானித்திருந்தார். அலமாரியைத் திறந்து அவற்றை ஒருமுறை பார்த்துவிட்டு மூடினார். பிறகு இன்னும் கொஞ்சம் உழுந்தை எடுத்து ஊறப்போட்டார்.

நீர் ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிப்பது என்று இரு தளங்களும் கச்சைகட்டி இறங்கின. மனைவியின் வழி, ஒவ்வொரு ரேடியேட்டருக்கு அடியிலும் சமையலறைத் தாளை விரித்துவைப்பது. வீட்டின் மூலைமுடுக்கெல்லாம் வெள்ளைத் தாள்கள் கிடந்தன. இரண்டு நாள் கழித்துப் பார்த்தால், தாள்களில் ஒன்றிரண்டு எறும்பைத் தவிர வேறொன்றும் இல்லை. அவ்வளவும் பாலைவனம்போல் வறண்டு கிடந்தன.

மேல்தளத்து இளைஞரின் வழி வேறு. அவர் தம் பழைய கைத்தொலைபேசியை அழுத்தமானிக்கு எதிரே ஒரு தேநீர்ப் பெட்டியின்மேல் சாய்த்துவைத்தார். அது முள்ளை ஓயாமல் படம்பிடித்து அவருடைய கணினிக்கு அனுப்பியது. அலுவலகக் கூட்டங்களுக்கு நடுவே அவர் அதைப் பார்த்து வரைகோடு ஒன்று வரைந்துகொண்டிருந்தார். ஒரு மாலை அதைத் தூக்கிக்கொண்டு கீழே வந்தார்.

"அங்கிள், இதைப் பாருங்க. லீக் மாதிரியே தெரியலை. நீங்க காலைல ஒன்றரைக்கு ஏத்துறீங்க. ஹீட்டிங் ஆன் ஆன கொஞ்ச நேரத்துல, பாருங்க, நேரா மேல போகுது. செவுரு மாதிரி! மூணு தொடுது. அப்புறம் அங்கேயே நிக்குது. ராத்திரி ஹீட்டிங் குறைஞ்சதும் சர்ர்ருனு கீழ."

"நான் மிகுதியாக நீரேற்றிவிடுகிறேனோ?"

"நானும் அப்படித்தான் நினைச்சேன். நேத்து நீங்க கம்மியா ஏத்தினீங்கல்ல? அப்பவும் மூணுக்குப் போயிருக்கு."

அந்த வரைகோட்டை நெடுநேரம் பார்த்தேன். ஒழுகும் குழாய் என்றால் அழுத்தம் இறங்கியிருக்க வேண்டும். இதுவோ முதலில் ஏறுகிறது. மிகையாக நீர் ஏற்றிவிட்டேன் என்றால் காலையிலும் முள் உயர்ந்தே நிற்க வேண்டும். அதுவோ சுழியத்துக்கு விழுகிறது. ஏறவும் காரணம் தெரியவில்லை; இறங்கவும் காரணம் தெரியவில்லை. சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளியில் பாடம் நடத்துகிறவன் நான். ஒன்றுக்கொன்று முரணான இரண்டு உரைகளை வைத்துக்கொண்டு ஒரு செய்யுளுக்குப் பொருள் காண்பது எனக்குப் பழக்கந்தான். ஆனால் அங்கே குளிர் அடிக்காது.

வியாழக்கிழமை வந்தது. மறுநாள் அந்த நண்பருக்குப் பதில் சொல்ல வேண்டும். காலையில் வழக்கம்போல் நீரேற்றினேன். மனைவி அன்று தம் தங்கையைப் பார்க்கப் புறப்பட்டுவிட்டார். அவர் இல்லாத வேளையில் மேல்தளத்துப் பெண் ஒரு திட்டம் தீட்டினாள். இத்தனை நாள் அக்கா மா அரைத்துத் தந்தார்; இன்று தானே அரைத்து அக்காவுக்குத் தோசை சுட்டுத் தர வேண்டும் என்பது அவள் ஆசை. முதல் நாளே ஊறவைத்திருந்தாள். அரைத்து, அந்தப் பெரிய பானையில் கழுத்துவரை ஊற்றி, தட்டால் மூடி, சிந்தாமலிருக்கத் துணியால் இறுக்கிக் கட்டி, கணவரின் தோளில் ஏற்றி நிலவறைக்கு அனுப்பிவிட்டாள்.

தேநீர் வேளைக்கு மனைவி திரும்பிவந்தார். செருப்பைக் கழற்றியதும் ஏதோ எடுக்க நிலவறைக்கு இறங்கினார். சிறிது நேரத்தில் அவருடைய குரல் படியேறி வந்தது.

"ஐயோ! எல்லாரும் ஓடிவாங்கோ! ஹைட்சுங் முழுக்க மா!"

ஓடினோம். துணிக்கட்டைத் தள்ளிக்கொண்டு தட்டு ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. அதன் விளிம்பால் மா வெண்ணுரையாகப் பொங்கி, பானையின் புறமெல்லாம் வழிந்து, பலகையில் பரவி, கொதிகலனின் பக்கவாட்டிலும் இறங்கியிருந்தது. கைத்தொலைபேசி நின்ற தேநீர்ப் பெட்டியின் காலடியில் ஒரு வெண்குளம். அந்தப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கடைசிப் படியில் நின்றாள். முகத்தில் அழுகையும் சிரிப்பும் போட்டியிட்டன.

"என்ன பிள்ளை இது? பானை முட்ட ஆரும் விடுவினமோ?"

"எனக்கு என்னக்கா தெரியும்? ஊர்ல அம்மாதான் ஊத்துவாங்க. நான் எடுத்து ஃபிரிட்ஜ்ல வைக்கறதோட சரி."

"பாதிப் பானைதான் மாவுக்கு. மற்றப் பாதி அது எழும்பிறதுக்கு."

"அதான் துணி போட்டு நல்லா டைட்டா கட்டினேன்ல."

"கட்டினால் நிக்குமோ? எழும்பவேண்டியது எழும்பித்தான் தீரும். உள்ளை இடம் இல்லாட்டில் வெளியிலை வரும். வேறை எங்கை போறது?"

மாவைத் துடைக்கும் பணி எனக்கு வாய்த்தது. ஈரத்துணியோடு முழங்காலில் நின்று, கொதிகலனுக்கும் சுவருக்கும் இடைப்பட்ட இடுக்கில் தலையை நுழைத்தேன். இத்தனை ஆண்டுகளில் நான் எட்டிப் பாராத இடம் அது. அங்கே, மேலிருந்து இறங்கிவந்த மெல்லிய குழாய் ஒன்றின் வாய், கழிவுநீர்ப் புனலுக்கு மேலே திறந்து நின்றது. அந்த வாயிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. சொட்டு, சற்றே இடைவெளி, மீண்டும் சொட்டு. விரலை நீட்டினேன். வெந்நீர்.

"நீர் போகும் இடம் இதோ இருக்கிறது!" என்று இடுக்குக்குள்ளிருந்தபடியே கூவினேன்.

"எங்கை?" என்றார் மனைவி.

"பின்பக்கத்தில். ஒழுகவில்லை. வழிகிறது."

இளைஞர் குனிந்து தம் தொலைபேசி வெளிச்சத்தை உள்ளே பாய்ச்சினார். குழாயின் மேல்முனையில் சிவப்புத் தொப்பி போட்ட ஓர் அடைப்பான் இருந்தது. அழுத்தம் மூன்றைத் தொட்டால் தானே திறந்து நீரை வெளியேற்றும் காப்பு அடைப்பான் அது என்று, கொதிகலனின் உறையில் செருகியிருந்த கையேட்டைத் தொலைபேசியால் மொழிபெயர்த்துப் பார்த்துச் சொன்னார். ஆகவே பகலில் நீர் சூடேறும்போது அழுத்தம் மூன்றுக்குத் தாவுகிறது. அடைப்பான் திறந்து நீரைக் கொட்டுகிறது. இரவில் நீர் ஆறிச் சுருங்கும்போது, கொட்டிப்போன அளவுக்குக் குறை விழுகிறது. முள் சுழியத்துக்கு இறங்குகிறது. காலையில் நான் போய் நிரப்புகிறேன். நான் நிரப்பியது மாலைக்குள் வழிந்துவிடுகிறது. ஏறுவதற்கும் இறங்குவதற்கும் காரணம் ஒன்றே.

"ஆனா ஏன் அங்கிள் மூணு வரைக்கும் போகுது? போன வருஷம் எல்லாம் போகலையே?"

நான் முழங்காலில் இருந்தபடியே பானையைப் பார்த்தேன். மா இன்னும் தட்டை மெல்ல உயர்த்திக்கொண்டிருந்தது. மனைவி சற்றுமுன் சொன்னது காதில் அப்படியே நின்றது. மா புளித்தால் எழும்பும். நீர் சூடேறினால் விரியும். மாவுக்கு மனைவி பாதிப் பானையை விட்டுவைக்கிறார். இந்த வீட்டுக் குழாய்களுக்குள் வளைய வருகிற நீருக்கு யார் இடம் விட்டுவைத்தார்கள்?

"தம்பி, இந்தக் கொதிகலனில் வெற்றுப் பாதி எங்கே இருக்கிறது என்று கையேட்டில் பாருங்கள்."

"என்னது? வெற்றுப் பாதியா?"

"நீர் விரிந்தால் போய் நிற்பதற்கு ஓர் இடம் இருக்க வேண்டும். எங்கே அது?"

அவர் படங்களைப் புரட்டினார். பிறகு தலையை நிமிர்த்தி, சுவரில் தொங்கிய ஒரு சிவப்பு உருளையைப் பார்த்தார். நாங்கள் எல்லோரும் அதைப் பார்த்தோம். பெரிய பூசணிக்காய் அளவில், கொதிகலனுக்கு அருகே என்றுமே தொங்கிக்கொண்டிருப்பது அது. அவசரத்துக்கு எரிவாயு சேர்த்துவைக்கும் கலன் என்று நான் இத்தனை காலமும் எண்ணி, யாரையும் அண்டவிடாமல் மரியாதையோடு நடத்திவந்தேன். மனைவியோ அதன்மேல் பாத்திரத் துணி உலர்த்திவந்தார்.

"இதான் அங்கிள்! உள்ள நடுவுல ரப்பர் இருக்காம். ஒரு பக்கம் காத்து, ஒரு பக்கம் தண்ணி. தண்ணி விரிஞ்சா காத்தை அமுக்கிட்டு இதுக்குள்ள வந்துடுமாம். ஆறினா காத்து திருப்பித் தள்ளி விட்டுடுமாம்."

"அப்ப இதுதான் பாதிப் பானை," என்றார் மனைவி.

"கரெக்ட் அக்கா, பாதிப் பானை!"

பாதிப் பானை இருக்கிறது என்றால் நீர் ஏன் அதற்குள் போகவில்லை? அந்தக் கலத்தைக் கொதிகலனோடு சேர்க்கும் குழாயை விரலால் தொட்டுத் தொடர்ந்தேன். நடுவழியில் ஒரு திருகு. அதற்கு நீண்ட கைபிடி. இப்படிப்பட்ட திருகில் கைபிடி குழாயின் போக்கிலேயே நீண்டிருந்தால் வழி திறந்திருக்கிறது என்று பொருள். குறுக்கே நின்றால் அடைபட்டிருக்கிறது என்று பொருள். குளியலறையிலும் சமையலறையிலும் உள்ளவை அப்படித்தான். இங்கே கைபிடி குறுக்கே, சுவரோடு ஒட்டி, ஒழுக்கமாகப் படுத்திருந்தது.

"இதை யார் மூடினார்கள்?" என்றேன்.

இளைஞர் தலையை ஆட்டினார். அந்தப் பெண் தோளைக் குலுக்கினாள். மனைவி, பானையின் வெளிப்புறத்தைத் துடைப்பதில் திடீரென்று பெருங்கவனம் செலுத்தத் தொடங்கியிருந்தார். ஏற்கெனவே துடைத்த இடத்தையே துடைத்தார்.

"இஞ்சருங்கோ," என்றார் கடைசியில், பானையைப் பார்த்தபடி. "அந்தக் கைபிடி முந்தி இஞ்சாலை நீட்டிக்கொண்டு நிண்டது. சின்னப் பானைக்கு ஒண்டுமில்லை. பெரிய பானையை வைக்கேக்குள்ளை இடிச்சுது."

"ஆகவே?"

"ஆகவே எண்டால் என்ன? கொஞ்சம் திருப்பி விட்டனான். நல்லாய்ச் சுவரோடை ஒட்டி நிண்டுது. வடிவாயும் இருந்தது."

முதலில் சிரித்தவள் அந்தப் பெண்தான். "சிரிக்க வைக்காதீங்க அக்கா, வயிறு வலிக்குது" என்று சுவரைப் பிடித்துக்கொண்டாள். கணவர், தாம் படம்பிடிக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான் என்பதை மறந்து, தொலைபேசியில் பழைய படங்களைத் தேடிக்கொண்டே சிரித்தார். எனக்குந்தான் அடக்க முடியவில்லை. பெரிய பானை வந்த காலமும் கொதிகலன் முரண்டு பிடிக்கத் தொடங்கிய காலமும் அடுத்தடுத்து நின்றன. அந்தப் பெண்ணுக்குத் தோசை குறையக்கூடாது என்று வந்த பானைதான் அவளை இரண்டு ஸ்வெட்டரோடு கெட்டில் பக்கத்தில் உட்காரவைத்திருந்தது.

"சிரிக்கிறியள் என்ன?" என்றார் மனைவி, சிரிப்பை அடக்கிய முகத்தோடு. "மாவைப் பாத்துக் கண்டுபிடிச்சதும் இந்தக் கெல்லரிலை தானே? நான் மா வைக்காட்டில் உங்களுக்கு விளங்கியிருக்குமோ?"



கொதிகலனை அணைத்துவிட்டு, நீர் வெதுவெதுப்பாகும்வரை பொறுத்திருந்தோம். பிறகு கைபிடியை மெல்ல, மிக மெல்லத் திருப்பினேன். சிவப்புக் கலத்துக்குள் நீர் புகும் ஓசை, நீந்தி வந்தவர் கரையில் விடும் பெருமூச்சைப்போல் கேட்டது. முள் இறங்கியது. ரப்பர்க் குழாயைப் பூட்டி ஒன்றரைக்கு நீரேற்றி, கொதிகலனை மீண்டும் மூட்டினோம். பலகையையும் பானையையும் அறையின் எதிர்மூலைக்கு நகர்த்தியாயிற்று. இனி முள் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். முந்தைய நாட்களிலென்றால் அது சுவர்போல ஏறும்.

மனைவி சும்மா காத்திருக்கும் இயல்பினர் அல்லர். பானையில் மிஞ்சிய மாவை எடுத்துக்கொண்டு மேலே போனார். கொஞ்ச நேரத்தில் தோசைக் கல்லின் மணம் நிலவறைவரை இறங்கிவந்தது. பழைய கதிரைகள் இரண்டும் தலைகீழாகக் கவிழ்த்த ஒரு பெட்டியும் அழுத்தமானிக்கு எதிரே வரிசையாயின. நிறைமாதக்காரிக்கு நல்ல கதிரை; எனக்குப் பெட்டி. தட்டை மடியில் வைத்துக்கொண்டு, கிரிக்கெட் ஆட்டம் பார்ப்பவர்களைப்போல் முள்ளைப் பார்த்துக்கொண்டே தோசை தின்றோம். மா நன்றாகப் புளித்திருந்தது. இவ்வளவு மென்மையான தோசையை அந்தப் பருவத்தில் நாங்கள் தின்றதில்லை.

"ஏறுது, ஏறுது!" என்றாள் அந்தப் பெண்.

முள் ஒன்றரையை விட்டு நகர்ந்திருந்தது. எல்லோரும் மெல்லுவதை நிறுத்தினோம். அது ஒரு மயிரிழை ஏறியது. பிறகு இன்னொன்று. மேலே ரேடியேட்டர்கள் சூடேறி, குழாய்கள் மெல்லச் சடசடத்தன. இரண்டுக்கு இப்பால், பச்சைப் பட்டைக்குள்ளேயே, முள் நின்றுவிட்டது. கொதிகலன் முழுச்சூட்டில் உறுமிக்கொண்டிருந்தது, முள்ளோ அசையவில்லை. நான் எழுந்துபோய் இடுக்குக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். குழாயின் வாய் உலர்ந்திருந்தது.

"சொட்டு இல்லை," என்றேன்.

"இன்னொரு தோசை?" என்றார் மனைவி.

வெள்ளிக்கிழமை காலை கண்விழித்ததும் கட்டிலிலிருந்தே கையை நீட்டி ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்தேன். சுட்டது. நிலவறைக்கு இறங்கினால், இளைஞர் எனக்கு முன்பே அங்கே நின்றுகொண்டிருந்தார், கையில் பல்துலக்கும் தூரிகையோடு. முள் ஒன்றரைக்குச் சற்றே கீழே, பச்சையில் நின்றது. அவர் தூரிகையை வாயிலிருந்து எடுத்து, அதைத் தம் தொலைபேசியில் ஒரு கடைசிப் படம் பிடித்தார். படியேறும்போது, எதைப் பற்றியும் அல்லாததுபோல் சொன்னார்.

"அவருக்கு மெசேஜ் போட்டுட்டேன் அங்கிள். வேற ஆளைப் பாத்துக்கச் சொல்லி."

நான் சமையலறைக்குப் போய் இதை மனைவியிடம் சொன்னேன். "ஓ, அப்பிடியோ" என்று மட்டும் சொன்னார். சற்று நேரத்தில் அலமாரிக் கதவு திறக்கும் ஓசையும், பொதிகள் பிரியும் ஓசையும், பிறகு அரைவைப் பொறி மிளகோடு மல்லுக்கட்டும் ஓசையும் கேட்டன. வீடெங்கும் தும்மல்.

பிறகு அந்த நிறுவனத்திலிருந்து வந்த பணியாளர், சிவப்புக் கலத்தைத் தட்டிப் பார்த்து, உள்ளே காற்றுச் சரியாக இருக்கிறது என்றார். கைபிடியைக் கழற்றி எடுத்துவிட்டு, அதற்குப் பதிலாக கருவி இல்லாமல் யாரும் திருப்ப முடியாத தொப்பி அடைப்பான் ஒன்றைப் பொருத்தினார். எதிர்மூலையில் இருந்த பானையைக் கண்டு, "பீர் காய்ச்சுகிறீர்களா?" என்று ஜெர்மானிய மொழியில் கேட்டார். கிட்டத்தட்ட, என்றேன்.

அது பிந்திய கதை. அதற்கு முன்பே, சனிக்கிழமை மாலை, அந்தப் பெண்ணின் தாயார் வந்து சேர்ந்தார். மருமகன் பிராங்பேர்ட்டிலிருந்து தொடர்வண்டியில் அழைத்துவந்தார். குரங்குக் குல்லா, கழுத்தில் இரண்டு சால்வை, கையில் கம்பளிக் கையுறை, அதன்மேல் வளையல்கள். வாசலில் மகளைக் கட்டிப்பிடித்து ஒரு பாட்டம் அழுதார். அழுது முடித்து நிமிர்ந்தபோது நெற்றியில் வேர்வை அரும்பியிருந்தது.

"ஏன்டி, குளிரும் குளிரும்னு பயமுறுத்தினீங்க? இங்க மதுரை மாதிரில்ல வேகுது! அந்த ஜன்னலைத் தொற."

என் வாழ்நாளில் என் வீட்டைப் பற்றி யாரும் இவ்வளவு இனிமையான குறை சொன்னதில்லை.

மறுநாளே அந்த அம்மையார் மகளுக்கு இட்டலிக்கு அரைத்துவிட்டு, மாவை எங்கே வைப்பது என்று கேட்டார். மனைவி அவரைத் தாமே நிலவறைக்கு அழைத்துப்போனார். நான் பானையைச் சுமந்துகொண்டு பின்னால் இறங்கினேன். கொதிகலனுக்கு முன்னால் மனைவி நின்று, கையை நீட்டி, பள்ளியில் நான்கூடக் காட்டாத அதிகாரத்தோடு விளக்கினார்.

"இது அழுத்தம் காட்டிறது. சூடேற ஏறும், ஆற இறங்கும், அது வழமை. பச்சைக்குள்ளை நிண்டால் பயமில்லை. இந்தச் சிவப்புத்தான் பாதிப் பானை. தண்ணி எழும்பினால் உதுக்குள்ளை போகும். ஆனபடியால் இதிலை ஒண்டையும் தொடக்கூடாது, ஒண்டையும் திருப்பக்கூடாது. விளங்குதோ?"

"திருப்பினா என்னம்மா ஆகும்?"

"திருப்பினால் வீடு முழுக்க ஐஸ்தான். ஒருக்கா அப்பிடி நடந்தது."

"அய்யய்யோ! யாரு திருப்பினா?"

மனைவி என்னைப் பார்க்கவில்லை. பானையின் மூடியைச் சரிசெய்து, மா பாதிக்கு மேல் இல்லை என்பதை உறுதிசெய்துகொண்டார்.

"ஆரோ," என்றார். "இடம் போதாதெண்டு ஆரோ திருப்பிப்போட்டினம்."

நான் பானையை எதிர்மூலையில் இறக்கிவைத்தேன். முள் பச்சையில் நின்றது.